கிட்டாருக்கு ஸ்பார்க்கிள் பெயிண்ட் அடிக்கக் கொடுப்பவர்களே, என் 18,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

பெயர் போடாதே என்று வக்கீல் நண்பர் ஒருவர் சொன்னதால் போடவில்லை. சென்னையில் பைக் டேங்க், ஹெல்மெட், இப்போது கிட்டார் என்று கண்ணில் பட்டதுக்கெல்லாம் கஸ்டம் பெயிண்ட் அடித்து ரீல்ஸ் போடுகிற ஒரு ஒர்க்‌ஷாப், அவ்வளவு போதும். என் எலெக்ட்ரிக் கிட்டார் பாடியை நீல ஸ்பார்க்கிளாக்கித் தருகிறேன் என்று 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு நேற்று அவர்கள் என் கையில் கொடுத்தது உப்புத்தாள் மாதிரி ஒரு பலகை. இந்த மாதிரி ஆட்களிடமிருந்து எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எப்படி நம்பினேன் என்றால், அந்த ஆள் பேசிய பேச்சு. ஃபெண்டர் கம்பெனி அந்தக் காலத்தில் டூபாண்ட் கார் பெயிண்டைத்தான் கிட்டாருக்கு அடித்தது, லேக் பிளாசிட் ப்ளூ என்பதே காடிலாக் காரின் நிறம், கிரெட்ச் கம்பெனியின் பழைய சில்வர் ஜெட் கிட்டாரில் மின்னுவது பெயிண்டே இல்லை, டிரம்மில் ஒட்டுகிற பிளாஸ்டிக் ஷீட் என்று வரிசையாக அடுக்கினார். எல்லாம் உண்மையும்கூட! இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவாரா என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்புறம் ஒரு சாம்பிள் தகட்டை எடுத்து வெயிலில் சாய்த்துக் காட்டினார். உள்ளே ஆழத்தில் ஒவ்வொரு துகளும் தனித்தனியாக மின்னுகிறது, மேலே விரலை ஓட்டினால் வழுக்குகிறது. "தடவிப் பாருங்க ப்ரோ, இதுதான் உங்க கிட்டார்" என்றார். அங்கேயே 10,000 அட்வான்ஸ் அனுப்பினேன். அதில் 3,000 இம்போர்ட்டட் ஃப்ளேக்குக்கு (மின்னுகிற துகள்) மட்டும் என்று தனியாகக் கணக்கு சொன்னார். அந்தத் தகட்டை எந்தப் புண்ணியவான் அடித்துக் கொடுத்தானோ தெரியாது, இவர்கள் அடிக்கவில்லை.

ஸ்பார்க்கிள் என்பது கார்களில் வரும் சாதாரண மெட்டாலிக் இல்லை. மெட்டாலிக்கில் அலுமினியத் தூள் மாவு போல நுண்ணியது. ஸ்பார்க்கிளில் போடுவது அலுமினியம் பூசிய பாலியஸ்டர் படலத்தை அறுகோணத் துணுக்குகளாக வெட்டிய ஃப்ளேக், பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர், பெரிதாக வேண்டுமானால் 0.4. அதன் சாயம் தின்னருக்குக் கரையக் கூடாது. அடியில் அதே சாயலில் ஒரு பேஸ் கோட், மேலே கிளியரில் (நிறமில்லாத வார்னிஷ் மாதிரிப் பூச்சு) கலந்த ஃப்ளேக், அதுவும் 1.8 மில்லிமீட்டர் அல்லது அதைவிடப் பெரிய நாசில் வைத்த ஸ்ப்ரே கன்னில், துகள் அடியில் தங்காமல் கப்பைக் குலுக்கிக்கொண்டே அடிக்க வேண்டும். கஷ்டமான வேலை அதற்கு அப்புறம்தான். துகள்கள் மொத்தமும் புதையும்வரை கோட் கோட்டாகக் கிளியர் ஏற்றி, காயவிட்டு, தண்ணீர் உப்புத்தாளால் சமப்படுத்தி, மறுபடி கிளியர் ஏற்ற வேண்டும். காசும் நேரமும் போவது அங்கேதான், இவர்கள் கைவைத்ததும் அங்கேதான்.

மீதி 8,500 கொடுத்தால்தான் டெலிவரி என்றார்கள், கொடுத்தேன், பெட்டியைத் திறந்தேன். மேலே தடவினால் சொரசொரப்பு, துகள்கள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஓரமெல்லாம் கிளியர் போதாமல் தேய்த்ததில் துகளின் மேல்சாயமே போய் வெறும் வெள்ளி தெரிகிறது. கண்ட்ரோல் கேவிட்டிக்குள் (வால்யூம் குமிழ்களின் ஒயர் இருக்கிற குழி) தெறித்திருந்த பெயிண்டைத் தின்னர் நனைத்த பஞ்சால் தொட்டேன், பஞ்சு நீலமாகிவிட்டது. 3,000 ரூபாய் இம்போர்ட்டட் ஃப்ளேக்காம், ஸ்டேஷனரிக் கடையில் பாக்கெட்டில் தொங்குகிற கிளிட்டர்! இதைவிடக் கொடுமை நெக் பாக்கெட், அதாவது கிட்டாரின் கழுத்து வந்து பொருந்துகிற பள்ளம். மாஸ்கிங் டேப்கூட ஒட்டாமல் உள்ளேயும் கனமாக அடித்திருக்கிறார்கள். நெக் உட்காரவில்லை, லேசாக அழுத்தியதற்கே மூலையில் பெயிண்ட் செதில் செதிலாக வந்துவிட்டது. கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜின் ஸ்க்ரூ ஓட்டைகள் கிளியரில் அடைந்து கிடக்கின்றன.

போன் செய்தால் முதலில் "கிளியர் இன்னும் செட்டாகலை ப்ரோ, சென்னை ஈரம், ஒரு வாரம் விடுங்க." செட்டானால் துகள் உள்ளே போய்விடுமா? அப்புறம் "ஹேண்ட்மேட்னா அப்படித்தான் இருக்கும், அதுதான் அழகு." அப்புறம் பெயின்டர் ஊருக்குப் போயிருக்கிறார், அவர் வந்ததும் பேசுவார். பணத்தைக் கேட்டதும் குரல் மாறிவிட்டது: "கஸ்டம் ஆர்டருக்கு ரீஃபண்ட் இல்லைன்னு சொன்னோமே சார்." சொல்லவே இல்லை. அதுவரை ப்ரோ, பணம் கேட்டதும் சார். ரீல்ஸுக்கு அடியில் போட்ட கமெண்டை அழித்துவிட்டார்கள். அந்த ரீல்ஸில் ஓடுவது என் கிட்டார்தான், கிளியர் ஈரமாகப் பளபளக்கும்போது எடுத்தது, அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வேறொரு பெயின்டரிடம் காட்டினேன். மேலே கிளியர் ஏற்றிக் காப்பாற்ற முடியாது, சாயம் கரைந்து பரவும், மரம்வரை சுரண்டித்தான் ஆக வேண்டும் என்கிறார். ஆக 18,500 போனது போக இன்னொரு செலவு.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. ஃப்ளேக் பாக்கெட்டையும் பில்லையும் கண்ணால் பாருங்கள், நாலு துகளைத் தின்னரில் ஊறப்போட்டுச் சாயம் இறங்குகிறதா என்று சோதியுங்கள். எத்தனை கோட் கிளியர், எந்தக் கிளியர், நெக் பாக்கெட் மாஸ்கிங் உண்டா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். பாடியைக் கையால் தடவிப் பார்க்கும்வரை பாக்கிப் பணம் கொடுக்காதீர்கள், வீடியோ காட்டினால் நம்பாதீர்கள். நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். இதே ஒர்க்‌ஷாப் என்று சந்தேகம் இருப்பவர்கள் சாட் ஸ்கிரீன்ஷாட்டோடு மெசேஜ் போடுங்கள், சேர்ந்து போகலாம்.