ராமாவா, சோலாரிஸா? ஸ்டார் டிரெக்கா, ட்விலைட் ஸோனா?

அறிவியல் புனைகதையை இதுவரை தொடாத நண்பர்கள் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்கும்போது, இரண்டு நாவல்களையும் இரண்டு பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களையும் எடைபோட்டுப் பார்த்துத்தான் பதில் சொல்கிறேன். நாவல்கள், ஆர்தர் சி. கிளார்க்கின் ‘ராண்டெவூ வித் ராமா’ (1973), ஸ்டானிஸ்வாவ் லெம் போலிஷ் மொழியில் எழுதிய ‘சோலாரிஸ்’ (1961). தொடர்கள், ‘ஸ்டார் டிரெக்’ (1966–1969), ‘தி ட்விலைட் ஸோன்’ (1959–1964). மனிதனுக்கு முற்றிலும் அந்நியமான ஒன்று எதிரே வந்து நின்றால் அதை அவனால் புரிந்துகொள்ள முடியுமா என்ற கேள்வி நான்கிலும் இருக்கிறது. ஆனால், அவை தரும் பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை.

கிளார்க்கின் நாவலில், 2130களில் சூரியக் குடும்பத்துக்குள் நுழையும் ஒரு பொருளை முதலில் சிறுகோள் என்றே எண்ணுகிறார்கள். ராமா என்று பெயரிடப்பட்ட அது, 50 கிலோமீட்டர் நீளமும் 20 கிலோமீட்டர் விட்டமும் கொண்ட, யாரோ செய்தனுப்பிய உருளை என்பது பிறகுதான் தெரியவருகிறது. நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அது சுழல்வதால், உள்ளே இருப்பவை வெளிப்புறமாகத் தள்ளப்பட்டு, உட்சுவரே தரையாகிவிடுகிறது. அச்சின் முனையிலிருந்து படிக்கட்டில் இறங்கும், அதை ஆராய வந்த விண்வெளி வீரர்களுக்கு அடிக்கு அடி எடை கூடுகிறது. உருளையின் நடுப்பகுதியில் ஒரு கடல், வளையம் போலத் தலைக்கு மேலாகவும் சுற்றிவருகிறது. இந்த நாவலில் என்னை மிகவும் கவர்ந்தது, அக்கடலின் இரு கரைகளிலும் உள்ள செங்குத்துச் சுவர்கள்தான். வடகரைச் சுவரின் உயரம் 50 மீட்டர், தென்கரைச் சுவரின் உயரமோ 500 மீட்டர். கலம் வேகமெடுக்கும்போது நீர் ஒரு பக்கமாக ஏறி நிற்கும் என்பதால்தான் இப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று, கட்டியவர்களில் ஒருவரைக்கூடப் பார்க்காமலேயே ஊகிக்க முடிகிறது. சுவரின் உயரத்தைக் கொண்டே கட்டியவர்களின் எண்ணத்தை வாசிக்க வைப்பதுதான் கிளார்க்கின் திறமை.

1956 முதல் இலங்கையில் வாழ்ந்த அவர், திருகோணமலைக் கடலுக்கடியில் பழைய கோணேஸ்வரம் கோயிலின் சிதைவுகளைக் கண்டவர்களில் ஒருவர். ராமாவின் இருளுக்குள் ஒற்றை விளக்கொளியோடு மெல்ல இறங்கும் பக்கங்களை வாசிக்கும்போது, நீருக்கடியில் அவர் கழித்த அந்த ஆண்டுகளே எனக்கு நினைவுக்கு வருகின்றன.

இந்த நாவலின் குறை கதைமாந்தர்கள்தான். அந்த வீரர்களின் தளபதி நார்ட்டன் திறமையானவர், நிதானமானவர், கண்ணியமானவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

லெம் இதற்கு நேர் எதிரான இடத்திலிருந்து தொடங்குகிறார். சோலாரிஸ் கோளை மூடியிருக்கும் கடலே ஓர் உயிர்; அதற்கு மேலே மிதக்கும் ஆய்வு நிலையத்துக்கு வரும் உளவியலாளன் கெல்வின் முன், பல ஆண்டுகளுக்கு முன்பு தற்கொலை செய்துகொண்ட அவனுடைய காதலி ஹேரி உயிரோடு வந்து நிற்கிறாள். கடல் அவளை ஏன் அனுப்பியது, அது பரிசா, தண்டனையா, அல்லது நோக்கமே இல்லாத ஓர் அசைவா என்பதற்கு நாவலில் விடை இல்லை. கெல்வின் நிலையத்தின் நூலகத்தில் அமர்ந்து, கடலைப் பற்றித் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்ட ஆய்வு நூல்களைப் புரட்டும் நீண்ட பகுதிகளில் முதல் வாசிப்பின்போது நான் சலித்துப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். சில ஆண்டுகள் கழித்துத் திரும்ப எடுத்தபோதுதான் நாவலின் உயிர் அங்கேயே இருக்கிறது என்பது விளங்கியது. இத்தனை பெயர்களும் வகைப்பாடுகளும் கோட்பாடுகளும் சேர்ந்தும் அந்தக் கடலை ஓரங்குலம்கூட நெருங்க முடியவில்லை என்பதை வாசகன் தன் களைப்பின் வழியாகவே உணர்ந்தாக வேண்டும் என்று லெம் கருதியிருக்கிறார்.

ஆங்கிலத்தில் வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1970இல் வந்த பழைய ஆங்கிலப் பதிப்பு, பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து செய்யப்பட்டது. அதில் ஹேரியின் பெயர்கூட மாறியிருக்கும். போலிஷ் மூலத்திலிருந்தே பில் ஜான்ஸ்டன் செய்த மொழிபெயர்ப்பு 2011இல் வந்தது. அதையே தேடி வாசியுங்கள்.

முதல் நாவலாக நான் கொடுப்பது ராமாவைத்தான், ஏனெனில் அது வாசகனிடம் ஆர்வத்தைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், தயக்கமின்றி சோலாரிஸை வைத்துக்கொள்வேன்.

இனித் தொடர்கள். ஒரு விண்கலக் குழுவின் பயணங்களைச் சொல்லும், ஜீன் ராடன்பெரியின் ‘ஸ்டார் டிரெக்’, அந்நியமானதைப் புரிந்துகொள்ள முடியும் என்று முழுமனத்தோடு நம்புகிறது. ‘தி டெவில் இன் த டார்க்’ என்ற எபிசோடில், சுரங்கத் தொழிலாளர்களைக் கொல்லும் சிலிக்கான் உயிரினத்தைச் சுட்டுவிடத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். கலத்தின் அதிகாரியும் பாதி வேற்றுக்கிரகவாசியுமான ஸ்போக் அதன் மனத்தோடு தன் மனத்தை இணைத்து, அது ஏன் கொல்கிறது என்பதை அறிந்து சொன்னதும் நிலைமையே தலைகீழாகிறது. லெம் இதை ஒருபோதும் ஏற்றிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஆனாலும், பனிப்போர் உச்சத்தில் இருந்த அந்த ஆண்டுகளில், கறுப்பினப் பெண்ணான உஹூராவையும் ஆசிய முகம் கொண்ட சூலுவையும், பின்னர் ரஷ்யரான செக்கோவையும் ஒரே கலத்தில் சமமாக அமர்த்திய தொடருக்கு அந்த நம்பிக்கை பொருந்தியே இருக்கிறது. மொத்தம் 79 எபிசோடுகள். தரம் சீராக இல்லை. மூன்றாவது சீசனில் சரிவு வெளிப்படையாகவே தெரிவதால், வரிசையாகப் பார்க்க வேண்டாம் என்பேன்.

‘தி ட்விலைட் ஸோன்’ தொடரில் அந்நியன் பெரும்பாலும் அடுத்த வீட்டில்தான் இருக்கிறான். இனவெறியைப் பற்றி எழுதிய நாடகங்களை விளம்பரதாரர்கள் சிதைத்ததைக் கண்டு நொந்துபோன, இத்தொடரை உருவாக்கிய ராட் செர்லிங், சொல்ல வேண்டியதை விசித்திரக் கதைகளுக்குள் வைத்துச் சொன்னார். 156 எபிசோடுகளில் 92 அவரே எழுதியவை. 1960இல் வந்த ‘தி மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்’ எபிசோடில், ஒரு தெருவில் மின்சாரம் நின்றுபோகிறது. நம்மில் யாரோ ஒருவர் வேற்றுக்கிரகவாசி என்ற சந்தேகம் எழுகிறது. நேற்றுவரை ஒன்றாகப் பழகியவர்கள் அரைமணி நேரத்துக்குள் கல்லெடுக்கிறார்கள். வதந்தி ஊரை எரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது. ஒவ்வொரு கதையும் தனித்து முடிவதால் எங்கிருந்தும் தொடங்கலாம். ஒரு மணி நேரமாக நீட்டப்பட்ட நான்காவது சீசன் மட்டும் இழுவையாக இருக்கிறது.

கூர்மையில் செர்லிங்கின் தொடரே மேல் என்பது என் கருத்து. ஸ்டார் டிரெக்கில் வருவதுபோல் மனிதர்களோடு சேர்ந்து பழகும் இன்பம் அதில் கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலத்தின் தலைவர் கர்க், ஸ்போக், மருத்துவர் மெக்காய் ஆகிய மூவரும் வாதிடுவதைக் கேட்பதற்காகவே சுமாரான எபிசோடுகளையும் நான் மறுபடி பார்த்திருக்கிறேன். ஆகவே ராமாவை முடித்தவர்களுக்கு, அந்த நாவலில் இல்லாத மனிதர்களை ஈடுசெய்ய ஸ்டார் டிரெக்கைத் தருவேன். சோலாரிஸைக் கையில் எடுக்கப்போகிறவர்கள் மட்டும், அதற்கு முந்தைய இரவில் மேப்பிள் தெருவைப் பார்த்துவிட்டு வாசிக்கத் தொடங்கட்டும்.