பெற்றோல் ஓட்டோவை மின்சாரத்துக்கு மாற்றும் கராச்: லேத் வேலை தரம், பற்றரிக்குச் சோதனை இல்லை

யாழ்ப்பாணம் கொக்குவில் பக்கத்துக் கராச் இது. பஜாஜ் ஆர்.ஈ. ஓட்டோவின் எஞ்சினைக் கழற்றி மோட்டர் வைத்துத் தருகிறார்கள். லேத் வேலைக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம். மோட்டர் அச்சை டிஃபரென்ஷலோடு இணைக்கிற கப்ளிங்கை இங்கேயே கடைந்து, நுண்ணிய விலகலைக் காட்டும் டயல் கேஜ் வைத்து ஆட்டம் பார்த்த பிறகுதான் போல்ட் இறுக்குகிறார்கள். கண்மட்டத்தில் பொருத்தினால் முதலில் ஓயில் சீல் ஒழுகும், பிறகு பெயரிங் இரையும்.

சோதனை இல்லாதது பற்றரிக்குத்தான். அது 16 செல் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பொஸ்பேற்); 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி. அதாவது 5 யூனிற்றுக்குச் சற்றுக் கூட. 20 ஆம்பியர் சார்ஜரில் நிரம்ப ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். ஓட்டம் 100 கி.மீ. என்கிறார்கள். கிலோமீற்றருக்கு 60 வாட்-மணி, பற்றரியில் பாவிப்பது 80 வீதம் என்று கணக்குப் போட்டால் 68 தான் வரும். அதுவும் யாழ்ப்பாணத் தரை மட்டமாக இருக்கிறபடியால்.

எஞ்சின் போனால் எஞ்சின் பிரேக்கும் போய்விடும். மோட்டரை இயக்கும் கொன்ட்ரோலரில் ரீஜென் வசதி (வேகம் குறைக்கும்போது மோட்டரே பிரேக்காகி பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) இருந்தும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பற்றரி நிரம்பியிருக்கும்போது ரீஜென் வந்தால் பற்றரியைக் காக்கும் மின்சுற்றான பி.எம்.எஸ். இணைப்பை வெட்டும், பிடித்த பிரேக் திடீரென்று விட்டுப்போகும். ரீஜென் அளவைக் குறைத்து வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் அதற்கான கடவுச்சொல் வெளிநாட்டு விற்பனையாளரிடம். ஆகவே பிரேக் ஷூ சீக்கிரம் தேயும்.

கடல்நீரேரியைக் கடக்கிற பண்ணைப் பாலத்தால் ஓடுகிறவர்கள் வயர் முனையில் வெறும் செப்பு லக் வேண்டாம், வெள்ளீயம் பூசியது போடச் சொல்லுங்கள். உப்புக்காற்றில் செப்பு பச்சை பிடித்து, இணைப்புச் சூடாகி, பிளாஸ்ரிக் உருகும்.

இதையெல்லாம் கராச்சின் தலையில் மட்டும் கட்ட முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022 இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை வந்தபோது ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர். அந்த நெருக்கடியில்தான் இந்தத் தொழிலுக்கு ஆள் சேர்ந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திறந்ததும் பழைய ஓட்டோவில் காசு போட ஆளில்லை, பரிசோதனை பாதியில் நிற்கிறது. யுத்தத்தின்போது வடக்கில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய கைவேலைக்கும் இதே கதிதான். தட்டுப்பாடு ஒரு கொள்கையல்ல. அது தீர்ந்தால் ஆராய்ச்சியும் தீர்ந்துவிடும்.

உள்ளூரில் பொருத்தும் வாகனங்களுக்கான சலுகை, வாகனத்தின் பெறுமதியில் உள்நாட்டில் சேர்ந்தது எத்தனை வீதம் என்பதைப் பார்க்கிறது. அந்த வீதத்தை ரயர், சீற், ஈய பற்றரி என்று நிரப்பிவிடலாம். ஒரு வருடம் இந்த வெயிலில் செல்களை அளந்து பார்த்தவனுக்கு அதில் என்ன கிடைக்கும்? கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. இந்த ஓட்டோக்களின் பி.எம்.எஸ். பதிவுகளை வாங்கிப் படித்தாலே நல்லதொரு இறுதியாண்டு ஆய்வு.

முற்பணம் கட்டமுன் இரண்டு விஷயம். பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் வகையை மாற்றித் தருவது யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். புத்தகத்தில் பெற்றோல் என்றே கிடந்தால் விபத்து நேரத்தில் காப்புறுதிக்காரரோடு இழுபறிப்பட வேண்டிவரும். செல்களின் வோல்ட்டை ஒவ்வொன்றாக அளந்த தாளையும் கேளுங்கள். அது இல்லாமல் வண்டியை எடுக்க வேண்டாம்.