பிளாக்லிஸ்ட் எடுக்க 4,500 ரூபாய்: இலவச வேலைக்கு நான் கட்டிய காசு

திருப்பூரில் லேபிளும் எலாஸ்டிக்கும் சப்ளை செய்கிற சின்ன யூனிட் எங்களுடையது. மொத்தமே பதினான்கு மெயில் ஐடி. அவற்றுக்கான சர்வரைப் பார்த்துக்கொள்ள வெளியாள் ஒருவரை வைத்திருந்தோம். பெயர் வேண்டாம். வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏஎம்சி) 24,000. 'தினமும் பேக்கப், 24 மணி நேரமும் கண்காணிப்பு' என்று கொட்டேஷனில் எழுதியிருந்தார்.

போன வருஷம் ஒரு திங்கள்கிழமை ஜெர்மனி பையருக்கு புரஃபார்மா இன்வாய்ஸ் அனுப்பினோம். சனிக்கிழமை அது திரும்பி வந்தது. அதுவரை போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம். அந்தப் பக்கத்து சர்வர் 'இப்போது வேண்டாம், பிறகு வா' என்று தற்காலிகமாக மறுத்தால், எங்கள் சர்வரில் மெயில் அனுப்புகிற மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் ஐந்து நாள் வரை வரிசையில் வைத்து முயன்றுகொண்டே இருக்கும். நாமாக ஒரு அமைப்பை மாற்றி வைக்காவிட்டால் நடுவில் ஒரு வார்த்தை சொல்லாது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. கண்காணிக்கிறவருக்கு அந்த வரிசை முதல் நாளே கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

கேட்டதற்கு, "ஐபி பிளாக்லிஸ்ட் ஆயிடுச்சுங்கண்ணா, எடுத்து விட்டுடலாங்க. 4,500 ஆகும்" என்றார். ஸ்பாம் (வேண்டாத மெயில்) அனுப்புகிறவை என்று ஒதுக்கப்பட்ட சர்வர்களின் பட்டியலில் எங்கள் சர்வரின் ஐபி, அதாவது இணைய முகவரி எண், சேர்ந்துவிட்டதாம். கட்டினேன். இரண்டு நாளில் சரியானது. மூன்று மாதம் கழித்து அதே கதை, அதே தொகை. மூன்றாவது முறையும் கட்டிவிட்டேன். ஆக 13,500.

நான்காவது முறை மெயில் திரும்பியபோது, பெங்களூரில் லினக்ஸ் அட்மினாக இருக்கிற அக்கா பையன் தீபாவளிக்கு வந்திருந்தான். "திரும்பி வந்த மெயிலை முழுசாப் படிச்சீங்களா மாமா?" என்றான். இல்லை. ஆங்கிலத்தில் நீளமாக இருந்ததால் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அந்த ஆளுக்கு அனுப்பிவிடுவேன், அவ்வளவுதான். 550 (மெயிலை ஏற்கவில்லை என்பதற்கான எண்) என்று தொடங்கிய வரியிலேயே, இப்படிப் பட்டியல் வைத்திருக்கிற ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் லிங்க் இருந்தது. சொடுக்கினால், எந்தப் பட்டியலில் எதனால் சேர்ந்தோம் என்று வந்தது. பெயரை நீக்கக் கோரும் படிவமும் அங்கேயே இருந்தது. கட்டணம் எதுவும் இல்லை. ஸ்பாம்காப் என்ற இன்னொரு பட்டியலிலோ புகார் வருவது நின்றால் ஒரு நாளில் தானாகவே பெயர் விலகிவிடும். சீக்கிரம் எடுக்கக் காசு கேட்கிற பட்டியல்களும் உண்டுதான், ஆனால் எங்களுக்கு வந்தது அது இல்லை.

இதைவிட எரிச்சல், காரணத்தை அவர் ஒருமுறைகூடத் தொடவில்லை என்பது. மெயில் வரிசையைத் திறந்தால் பதினோராயிரம் மெயில்கள், எல்லாம் எங்கள் அக்கவுண்ட்ஸ் ஐடியிலிருந்து, நடு ராத்திரியில். அந்த ஐடியின் பாஸ்வேர்டு, கம்பெனி பெயரோடு 123. சர்வர் போட்ட அன்று அவரே வைத்தது. எவனோ கண்டுபிடித்து உள்ளே நுழைந்து ஸ்பாம் அனுப்பியிருக்கிறான். பாஸ்வேர்டை மாற்றாமல் பட்டியலிலிருந்து மட்டும் பெயரை எடுத்தால் மறுபடி சேராமல் என்ன செய்யும்?

பையன் தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. எங்கள் இணையப் பெயரான டொமைனின் விவரங்கள் இருக்கும் டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப் வரி (எந்த சர்வர்கள் நம் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று சொல்வது) இரண்டு: பழைய ஹோஸ்டிங்குக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெறுகிற சர்வர் அதைப் பிழையாகவே எடுத்துக்கொள்ளும். மெயில் நம் டொமைனிலிருந்து வந்ததுதான் என்று காட்டும் டிகேஐஎம் கையொப்பம் கிடையாது. எங்கள் ஐபிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் (அந்த எண்ணுக்குரிய பெயர்) பார்த்தால் ஹோஸ்டிங்காரனின் ஏதோ எண் வரிசை வந்தது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்புகிற யாராக இருந்தாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் ஒன்றாவது சரியாக இருக்க வேண்டும், ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸும் பொருந்த வேண்டும். உங்கள் நிலைமை தெரிய வேண்டுமென்றால் ஆபீஸ் ஐடியிலிருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி, அங்கே கணினியில் அதன் மூல வடிவத்தைத் திறந்து பாருங்கள். மேலேயே எஸ்பிஎஃப், டிகேஐஎம், அவ்விரண்டையும் வைத்து அனுப்புநர் பெயரைச் சரிபார்க்கிற டிமார்க் மூன்றுக்கும் பாஸா ஃபெயிலா என்று போட்டிருக்கும். எங்களுக்கு ஒன்றுகூட பாஸ் இல்லை.

சரி, திருத்திவிடலாம் என்று டிஎன்எஸ் லாகின் கேட்டேன். "அதெல்லாம் கஸ்டமருக்குக் கொடுக்கிறதில்லைங்க" என்றார். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் ஹூயிஸ் தேடலில் பார்த்தால் எங்கள் டொமைனின் உரிமையாளர் இடத்தில் அவருடைய கம்பெனி. ஒன்பது வருஷமாக ரெனியூவல் பில் கட்டியவன் நான். விசிட்டிங் கார்டு, அட்டைப்பெட்டி, பையர்களின் வெண்டார் பதிவு எல்லாவற்றிலும் இருக்கிற பெயர் பதிவுப்படி அவருடையது.

காப்பாற்றியது பழைய ஜிஎஸ்டி பில்கள்தான். எங்கள் கம்பெனிக்காக டொமைன் பதிவு என்று அவரே தெளிவாக எழுதியிருந்தார். அவற்றின் நகலோடு வக்கீல் கடிதம் போன பிறகு டொமைனை வேறு கணக்குக்கு மாற்றத் தேவையான குறியீட்டைக் கொடுத்தார். ஆறு நாளில் டொமைன் எங்கள் பெயருக்கு, எங்கள் கணக்குக்கு வந்தது.

அன்று சாயங்காலமே சர்வரை நிறுத்திவிட்டார். பழைய மெயில்களைப் பையன் ஒவ்வொரு பெட்டியாகப் புதிய இடத்துக்கு நகலெடுத்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு முடிந்திருந்தது. மீதி இரண்டையும் 'தினசரி பேக்கப்'பிலிருந்து கேட்டோம். பேக்கப் இருந்ததே அதே சர்வரின் இன்னொரு ஃபோல்டரில்தானாம். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் நகலெடுத்து முடிக்கும் வரை டொமைன் பேச்சையே எடுக்காதீர்கள். எங்களுக்கு அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. போன இரண்டில் ஒன்று சாம்பிள் பிரிவின் பெட்டி. நான்கு வருஷ கலர் அப்ரூவல் மெயில்கள் அதில் இருந்தன.

13,500-க்கு நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு முதல் நாளே ஆட்சேபிக்கும், சிவில் வழக்கு போட்டால் தொகையைவிடச் செலவு அதிகம் என்றார். விட்டுவிட்டேன். போன வாரம் அந்த ஆளிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: ஏஎம்சி புதுப்பிக்க நாள் நெருங்கிவிட்டதாம்.