ஆடியோமாத்: வௌவால் சத்தம் பதிகிறவர்கள் வாங்கலாமா?

காரைக்குடிப் பக்கம் ஒரு வௌவால் ஆய்வில் கள உதவியாளராக இருக்கிறேன். பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகள், பழைய சத்திரங்கள், கோயில் மண்டபங்கள் என்று பொழுது சாய்ந்தால் கிளம்பிவிடுவோம். கையில் இருக்கிற சாமான்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஆடியோமாத் ஒலிப்பதிவுக் கருவிதான். ஏடிஎம் கார்டு அகலம், மூன்று டபுள் ஏ பேட்டரி, ஒரு மெமரி கார்டு, வேறெதுவும் வேண்டாம்.

நம் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் எட்டும். இங்கே பழைய கட்டடங்களில் தொங்குகிற இலைமூக்கு வௌவால் இனம் ஒன்று, எதிரொலி கேட்டு வழியறிய 135 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் கத்துகிறது. ஒரு சத்தத்தைப் பதிய அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பதிவு வேகம் (நொடிக்கு எத்தனை தடவை சத்தத்தை அளக்கிறது என்பது) வேண்டும், அதனால் 256 கிலோஹெர்ட்ஸ் வேகக் கருவி 128-லேயே நின்றுவிடும், ஆடியோமாத்தில் 384 வரை வைக்கலாம். ஆனால் அந்த வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு 46 எம்பி போகும், கார்டு சீக்கிரம் நிரம்பிவிடும். அந்தியிலும் விடியலிலும் மட்டும் ஓடுகிற மாதிரி நேரம் குறித்துவிடுங்கள்.

எனக்குப் பெரிய விஷயம் என்னவென்றால், மாட்டிவிட்டு நாம் வெளியே வந்துவிடலாம். வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் குட்டியை நெஞ்சோடு சுமந்து தொங்குகிற தாய்களுக்கு நடுவில் டார்ச்சோடு நின்றால் கூட்டமே கலைந்துவிடும், குட்டி கீழே விழவும் கூடும். முற்றத்துத் தூணில், அவை வெளியேறும் வழியோரம் கட்டிவிட்டால் போதும். உயர்ந்த சத்தம் காற்றில் சில மீட்டருக்குள்ளேயே கரைந்துவிடுவதால் தள்ளி மாட்டினால் ஒன்றும் பதியாது.

ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்குப் பதிவை இருபது மடங்கு மெதுவாக்கிப் போட்டுக் காட்டினேன். ஹெட்போனை ஒரு காதில் வைத்துக்கொண்டு, "இத்தனை வருசமா சத்தமே இல்லாம பறக்குதுன்னுல்ல தம்பி நெனச்சேன்" என்றவர், அப்புறம் அந்தக் கட்டின் கதவை எங்களைக் கேட்காமல் திறப்பதில்லை.

சரி, குறைகள். பேட்டரியைக் கழற்றினால் நேரம் போய்விடும், லேப்டாப்பில் மாட்டியோ போன் செயலி வழியாகவோ திரும்ப வைக்க வேண்டும். கோப்பின் பெயரில் உலகப் பொது நேரம் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) விழுந்தால் மாலை ஆறரை மணிப் பதிவு 130000 என்று நிற்கும், குழம்பாதீர்கள். எச்சமும் தூசியும் விழுகிற இடத்தில் உறையில்லாமல் வெறும் சர்க்யூட் பலகையாகத் தொங்கவிட முடியாது, ஜிப் கவரில் போட்டால் உயர்ந்த சத்தம் மட்டுப்படும், ஆகவே மைக் பக்கம் சத்தம் புக வழிவிட்டு இதற்கென்றே செய்த உறையோடு வாங்குவது மேல். மலிவு பேட்டரி வேண்டாம், ஆல்கலைனே போடுங்கள்.

இலுப்பை மரத்துக்கு வரும் பழந்தின்னி வௌவால்களுக்கு இது அவ்வளவாக உதவாது. அவற்றில் பெரும்பாலானவை எதிரொலி கேட்டுப் பறப்பவை அல்ல, பார்த்தும் மோந்தும்தான் பூவைத் தேடும். அதற்குப் பாயும் நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார வேண்டியதுதான்.