அதட்டல், செல்லம், கண்டிப்பு: ராத்திரி ஒன்பது மணிக்கு எது வேலை செய்யும்?

பெற்றோரை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட். 1983-இல் மேக்கபி, மார்ட்டின் என்ற இரு உளவியலாளர்கள் அதை நான்காக்கினார்கள். அளவுகோல் இரண்டே: பாசம் எவ்வளவு, கட்டுப்பாடு எவ்வளவு. வடசென்னை வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு வீடு ஒன்றில், எட்டு வயசுப் பையன் கையில் போன் இருக்கிறது, மணி ஒன்பது என்று வைத்துக்கொண்டு பார்ப்போம்.

அதட்டி, முதுகில் ஒன்று வைத்துப் பிடுங்கினால் அன்றைக்குக் காரியம் முடிந்துவிடும். ஆனால் பையன் கற்றுக்கொள்வது "ஒன்பது மணிக்குத் தூங்கணும்" என்பதை அல்ல, "அப்பா கண்ணில் படக்கூடாது" என்பதை. அடுத்த வாரம் மொட்டை மாடியில் சிநேகிதன் போனில் பார்ப்பான், கேட்டால் பொய் சொல்வான். பள்ளியில் அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டமே தடுத்துவிட்டது. வீட்டில்தான் இன்னும் விடமாட்டேன் என்கிறோம்.

செல்லத்தில் சிக்கல் வேறு. அம்மா "கிடையாது" என்கிறார். கால் மணி நேரம் அலறுகிறான். பக்கத்து வீட்டிலிருந்து "ஏம்மா புள்ளைய அழவுடுற?" என்று குரல் வருகிறது. ஆயா (பாட்டி) மனசு கேட்காமல் போனைக் கொடுத்துவிடுகிறார். கால் மணி நேரம் அழுதால் கிடைக்கும் என்று பையன் கணக்குப் போட்டுவிட்டான். இதற்கு முதலிலேயே கொடுத்திருக்கலாம், பாதகமில்லை.

மூன்றாவது வழியான கண்டிப்பில் பாசமும் உண்டு, விதியும் உண்டு. எங்கள் ஓட்டு இதற்குத்தான், ஆனால் பக்குவமாகச் செய்யணும். எட்டரைக்கே "இன்னும் அரை மணிதான்டா" என்று சொல்லுங்கள். 8.50-க்கு, "இந்த வீடியோ முடிஞ்சதும் வை." ஒன்பதுக்கு அவன் கையாலேயே பீரோ மேல் சார்ஜில் போடட்டும். அழுதால், "கோவமா இருக்குல்ல, தெரியுது" என்று ஒரே வரி. அதற்குமேல் வாதம் வேண்டாம். வைக்க மறுத்தால் நாளைக்குப் பதினைந்து நிமிடம் குறையும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்கணும். ஒரு வாரம் போனே கிடையாது என்று மிரட்டாதீர்கள். உங்களாலேயே அதைக் காப்பாற்ற முடியாது.

முதல் சில நாள் அழுகை குறையாது, கூடும். பலர் கைவிடுவது அங்கேதான். ஆயாவிடமும் அக்கம்பக்கத்திலும் முன்னாடியே சொல்லி வையுங்கள். ஒரே அறை வீட்டில் பக்கத்துப் பாயில் அப்பா ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த விதியும் நிற்காது. எல்லார் போனும் பீரோ மேல் போகணும்.

நான்காவது, கண்டுகொள்ளாமல் விடுவது. விடியுமுன் காசிமேட்டுக்கு மீன் ஏலத்துக்குக் கிளம்பும் அம்மாவை இதில் சேர்க்காதீர்கள். நேரம் இல்லாதது வேறு, அக்கறை இல்லாதது வேறு. பையன் யாரோடு இருக்கிறான், எங்கே விளையாடுகிறான், சாப்பிட்டானா என்பது தினமும் அவருக்குத் தெரிந்தால் போதும்.

அதட்டலுக்கும் ஓர் இடம் உண்டு. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி வரும்போது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது, "நில்லு!" என்று கத்தித்தான் ஆகணும். காரணத்தை ஓரமாக வந்தபின் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஹோம்வொர்க்குக்கும் அதே குரலில் கத்துகிற வீட்டில், ரோட்டில் போடும் சத்தத்துக்குப் பையன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.