வீட்ட விக்கிறதுக்கு முன்னாடி 'ரெடி பண்ணி' தர்ற சர்வீஸ்: பாதி ஓகே, பாதி சொதப்பல்

நங்கநல்லூர்ல அம்மாவோட பழைய ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்ட விக்கறதுன்னு முடிவானதும், க்ளீனிங், பெயின்டிங், அலங்காரம், போட்டோ எல்லாம் ஒரே பேக்கேஜா பண்ணித் தர்றோம்னு சொன்ன ஒரு கம்பெனிய புடிச்சோம். பேரு வேணாம். அஞ்சுக்கு மூணு ஸ்டார், அந்த மூணும் க்ளீனிங் பசங்களுக்கு மட்டும்தான்.

அவங்க நிஜமாவே சூப்பர். போர் தண்ணி, அதனால பாத்ரூம் குழாயெல்லாம் வெள்ளையா உப்பு படிஞ்சு கெடந்துச்சு. ஆசிட் ஊத்திடுவாங்களோன்னுதான் பயந்தேன், ஏன்னா ஆசிட் போட்டா அன்னிக்கு பளிச்னு இருக்கும், ஆனா குழாய் மேல இருக்கற குரோம் போயிடும், டைல்ஸ் சந்துல இருக்கற சிமெண்டையும் அரிச்சுடும். இவங்க சிட்ரிக் ஆசிட் தூள தண்ணில கரைச்சு, துணிய நனைச்சு குழாய சுத்திக் கட்டி ஊறவெச்சு அப்புறமாதான் தேச்சாங்க. ஜன்னல் கிரில், ஃபேன் றெக்கை, ஸ்விட்ச் போர்டு மேல இருந்த கை அழுக்கு வரைக்கும் எதையும் விடல. ஹால்ல பழைய மொசைக் தரை, அத பேத்துட்டு டைல்ஸ் போடுங்கன்னு சேல்ஸ் ஆளு ஒரே நச்சரிப்பு, ஆனா வேலைக்கு வந்த பையன் "அதெல்லாம் எதுக்குக்கா, மெஷின் பாலிஷ் போட்டாலே போதும்"னுட்டான். அவன் சொன்னதுதான் சரி, தரை அப்படி மின்னுச்சு.

ஆனா எந்த வேலை முன்னாடி, எது பின்னாடிங்கற வரிசைல கோட்டை விட்டாங்க. மொசைக் பாலிஷ் தண்ணி ஊத்தி தேய்க்கற வேலை, அந்த சாம்பல் சேறு சுவத்துல தெறிக்கத்தான் செய்யும், அதனால பாலிஷ் முடிச்சுட்டுதான் பெயின்ட் கைல எடுக்கணும். இவங்க சுவரெல்லாம் ரெண்டு கோட் அடிச்சு முடிச்சுட்டு அப்புறம் மெஷின இறக்கினாங்க, கீழ ஒரு முழ உயரத்துக்கு புது பெயின்ட் பூரா கறை. திரும்ப டச்சப் பண்ண ஆள் அனுப்ப வெக்கறதுக்குள்ள எனக்கு தொண்டத்தண்ணி வத்திடுச்சு.

அதவிட கடுப்பானது ஓதம் விஷயம். பாத்ரூமுக்கு பின்பக்க சுவர்ல உப்பு பூத்து பெயின்ட் உரிஞ்சிருந்துச்சு. சூப்பர்வைசர் கூலா "பட்டி பாத்து அடிச்சுடலாம் மேடம், வாங்க வர்றவங்க பாக்கறப்ப நல்லா இருந்தா போதும்"ங்கறார். ஈரம் உள்ளேந்து வருதுங்க, பாத்ரூம் டைல்ஸ் ஜாயின்ட அடைக்காம வெளில எத்தன கோட் அடிச்சாலும் கொப்பளிச்சுகிட்டு வரத்தான் போகுது, அதுவுமில்லாம அடுத்தவங்க தலைல கட்டற வேலை நமக்கு வேணாம்னு சொல்லிட்டு, தனியா ஆள் வெச்சு எபாக்ஸி கிரவுட் போட்டு சுவத்த நல்லா காயவிட்டு அப்புறம்தான் அங்க பெயின்ட் அடிக்க விட்டேன். நம்ம ஊர்ல வீடு பாக்க வர்றவங்க கூட கண்டிப்பா ஒரு சித்தப்பா வருவாரு, அவரு சுவத்த தட்டுவாரு, குழாய தொறந்து தண்ணிய வாயில விட்டுப் பாத்துட்டு மெட்ரோ வாட்டர் வருதா, யூடிஎஸ் (ஃப்ளாட்டோட சேந்து வர்ற மனைப் பங்கு) எவ்ளோ, கார் பார்க்கிங் பத்திரத்துல இருக்கான்னு கேப்பாரு. அவர் கிட்ட பட்டி வேலையெல்லாம் செல்லாது.

அலங்காரம் சுத்த வேஸ்ட். வாடகை சோபா, பிளாஸ்டிக் செடி, எல்லாத்துக்கும் மாச வாடகை, வீடு எப்ப விக்கும்னு யாருக்குத் தெரியும்? சாமி படத்தையெல்லாம் கழட்டி உள்ள வைங்கன்னாங்க, அம்மா பாத்த பார்வைல அந்த டிசைனர் பொண்ணு கப்சிப். அப்புறம் பாத்தா, வர்றவங்க எல்லாம் பூஜை அலமாரி கிழக்க பாத்து இருக்கான்னுதான் மொதல்ல கேக்கறாங்க! போட்டோவும் அப்படித்தான், வைட் ஆங்கிள்ல எடுத்து சின்ன பெட்ரூம கல்யாண மண்டபம் மாதிரி காட்டிட்டாங்க, நேர்ல வந்தவங்க மூஞ்சி சுருங்கிப் போச்சு. நானே காலைல பால்கனி கதவ தொறந்து வெச்சு போன்ல எடுத்த படத்த போட்டப்புறம் வந்தவங்கதான் ஒழுங்கா விலை பேசினாங்க.

நீங்க எடுக்கறதா இருந்தா க்ளீனிங்கும் பாலிஷும் மட்டும் எடுங்க. பெயின்டிங்குக்கு தெரிஞ்ச மேஸ்திரி இருந்தா அவர்கிட்டயே குடுங்க, ரேட்டு ஃப்ளாட் சதுர அடிக்கா சுவர் சதுர அடிக்கான்னு தெளிவா கேட்டுக்கோங்க, ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பிரைமர் உண்டா, எத்தன கோட்டுங்கறதையும் எழுதி வாங்குங்க. அப்புறம் 18% ஜிஎஸ்டி தனின்னு பில்லு நீட்டும்போதுதான் சொல்றாங்க, அதையும் முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க.