பழைய பஜாரை இடிப்பதா, பழுது பார்ப்பதா?

மலேசியாவின் சிலாங்கூரிலும் பேராக்கிலும் தோட்டப்புற நகரங்கள் பலவற்றின் மையம் ஒரே அச்சுதான். பஸ் நிற்குமிடம், பொதுச் சந்தை, இருபுறமும் இரண்டு மாடிக் கடைவரிசை, சற்றுத் தள்ளிக் கோவில். ரப்பர் காலத்தில் எழுந்த கட்டடங்களில் இன்று கூரை ஒழுகுகிறது, சாக்கடை அடைத்துக்கொள்கிறது. சீரமைப்புப் பேச்சு எழும்போதெல்லாம் மூன்று யோசனைகள் போட்டியிடுகின்றன: இடித்துவிட்டு வணிக வளாகமும் அடுக்குமாடியும் கட்டுவது, நெடுஞ்சாலை ஓரத்தில் புது மையம் அமைப்பது, இருப்பதைக் கட்டம் கட்டமாகப் புதுப்பிப்பது. நான் மூன்றாவதன் பக்கம்.

நெடுஞ்சாலை யோசனையை நீட்டிப் பேச வேண்டியதில்லை. கார் வைத்திருப்பவர்களுக்கு அது வசதி. பழைய பஜாரோ கேட்பாரற்றுப் போகும்.

இடித்துக் கட்டுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. சாக்கடை, கழிப்பறை, வாகன நிறுத்துமிடம் எல்லாம் ஒரே வீச்சில் முடியும். செலவு மேம்பாட்டு நிறுவனத்தின் தலையில். ஆனால், சந்தை ஓரத்து ஒட்டுக்கடைகள் டி.ஓ.எல். எனும் தற்காலிக உரிமத்தில் தரப்பட்ட அரசு நிலத்தில் இருந்தால் என்ன ஆகும்? அந்த உரிமம் ஆண்டுக் கடைசியோடு முடிந்துவிடும். புதுப்பிக்க மறுத்தால் இருபது வருடம் பூக்கட்டி விற்ற அம்மாளுக்குச் சட்டத்தில் பிடிமானம் மிகக் குறைவு. புது வளாகம் திறந்தாலும் அந்த வாடகைக்கு மல்லிகை விற்றுக் கட்டுப்படியாகாது.

காலை பத்து மணிக்கு அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதையில், நின்று பாருங்கள். தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்த பாட்டி ஒருவர் கருவாடும் வெற்றிலையும் வாங்கி, பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, மளிகைக்கடைப் படியில் அமர்ந்து திரும்பும் பஸ்ஸுக்காகக் காத்திருப்பார். கடைக்காரரே தண்ணீர் கொடுப்பார். கையில் காசு இல்லையென்றால் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். கண்ணாடிக் கதவு போட்ட வளாகத்தில் இந்தப் பாட்டி எங்கே உட்காருவார்? எந்த வரைபடத்திலும் இதற்கு விடையை நான் பார்த்ததில்லை.

புதுப்பித்தலிலும் ஆபத்து உண்டு. பினாங்கு ஜார்ஜ்டவுனில் 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது. கட்டடங்கள் நின்றன, வாடகை ஏறியதில் குடியிருந்தவர்கள் பலர் வெளியேறினார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஊர் இடம்பெற்றபோது அவர்கள் அங்கே இல்லை. சுவருக்கு வண்ணம் பூசி ஆட்களை இழந்தால் அது சீரமைப்பே ஆகாது. ஆகவே மூன்றாம் வழி எனக்கு ஏற்புடையதாக இருப்பது ஒரு நிபந்தனையோடுதான்: கோடு போடுவதற்கு முன்பே ஊரைக் கேட்க வேண்டும்.

1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று சொல்லும் உள்ளூர்த் திட்டத்தின் வரைவு வெளியானதும் யாரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதற்குக் குறைந்தது நான்கு வாரம் உண்டு. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் நிலைமை வேறு. திட்ட அனுமதிக்கு விண்ணப்பம் வந்தால் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு மட்டுமே அறிவிப்பு போகும். அவர்களுக்கு 21 நாள் அவகாசம். வாடகைக்குக் கடை நடத்துபவர், பூக்கார அம்மாள், பஸ்ஸில் வரும் பாட்டி ஆகியோர் அந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். பஜாரை உயிரோடு வைத்திருப்பவர்களோ இவர்கள்தான்.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்குப் பினாங்கிலேயே சான்று இருக்கிறது. 2012-இல் தொடங்கிய பங்கேற்பு வரவுசெலவுத் திட்டத்தில், ஜாலான் சுங்கை அடுக்குமாடி மக்களிடம் ஆண், பெண், முதியோர், இளையோர் என்று பிரித்துத் தேவைகளைக் கேட்டார்கள். எதை முதலில் செய்வது என்று குடியிருப்பாளர்களே வாக்களித்தார்கள். அந்த முறையை ஒரு பஜாருக்குப் பொருத்துவது கடினமில்லை. வேலைநாள் காலையில் மன்ற மண்டபத்தில் கூட்டம் போட்டால் பால்மரத்திலும் செம்பனையிலும் வேலை செய்பவர் எவரும் வரமாட்டார். இரவுச் சந்தையில் ஒரு மேசை போட்டு, வரைபடத்தை விரித்து, தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் விளக்கினால் கூட்டம் தானாக வரும்.

அந்த மேசையில் முதலில் தயாராக வேண்டியது கடைப் பட்டியல்: யார், என்ன வியாபாரம், எத்தனை சதுர அடி, இப்போது என்ன வாடகை. பழுது முடிந்ததும் அதே ஆளுக்கு, கட்டுப்படியாகும் வாடகையில், அதே அளவு இடம் என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். தற்காலிகச் சந்தை பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். பட்டியலில் கடைக்காரர்கள் கையெழுத்துப் போட்ட பிறகு பழுதுபார்க்கும் வேலையைக் குத்தகைக்கு விடட்டும். முதல் வேலை சாக்கடை, அடுத்தது கூரையும் கழிப்பறையும். அலங்கார வளைவு கடைசியில்.